பைத்தானுக்கும் ஆரக்கிளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது: எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ்களில் பழகியவர், ஆரக்கிள் டேட்டாபேஸ் ஓடுகிற ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். அங்கிருந்த பழைய பைத்தான் ஸ்கிரிப்டைத் தன் லேப்டாப்பில் ஓட்டினால் '64 பிட் ஆரக்கிள் கிளையன்ட் லைப்ரரியைக் காணவில்லை' என்று நின்றுவிடுகிறது. பக்கத்து ஜாவா டீமுக்கு ஒரே ஒரு ஜார் கோப்பு (ஜாவா கோடை ஒன்றாகக் கட்டிவைத்த கோப்பு) போதுமாம். ஏன் இந்த வித்தியாசம், ஒரு மொழி டேட்டாபேஸோடு உண்மையில் எப்படிப் பேசுகிறது, ஆரக்கிளுக்குப் பொருத்தமான மொழி எது என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. எந்த மொழியும் ஆரக்கிளோடு நேராகப் பேசுவதில்லை. ஆரக்கிள், ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் எல்லாமே தனி புராசஸாக, பெரும்பாலும் வேறொரு மெஷினில், ஓடுகிற சர்வர்கள். அவற்றுக்குப் பைத்தானும் தெரியாது, ஜாவாவும் தெரியாது. நெட்வொர்க் வழியாக ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் வருகிற பைட்டுகள் மட்டும்தான் தெரியும். அந்த ஒழுங்கில் பைட்டுகளை அடுக்கி அனுப்பவும், திரும்பி வருவதைப் பிரித்துப் படிக்கவும் தெரிந்த ஒரு துண்டு உங்கள் மொழியில் இருந்தால் அந்த மொழி ஆரக்கிளுக்குப் பொருந்தும். அந்தத் துண்டுதான் டிரைவர். எஸ்கியூலைட்டில் இதையெல்லாம் நீங்கள் யோசிக்க வேண்டியிருந்திருக்காது, அங்கே சர்வர் என்றே ஒன்று கிடையாது. மொத்த டேட்டாபேஸ் இன்ஜினும் ஒரு லைப்ரரியாக உங்கள் புரோகிராமுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு ஒரு கோப்பைத் திறந்து படிக்கிறது.

இப்போது அந்த 'ஒழுங்கு' யாருடையது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். அந்த ஒழுங்குக்குப் புரோட்டோகால் என்று பெயர், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்று உண்டு. எஸ்கியூஎல் சர்வர் பேசுவது டிடிஎஸ், வழக்கமான போர்ட் 1433. இது சைபேஸ் என்ற டேட்டாபேஸ் நிறுவனத்திலிருந்து வந்தது, ஏனென்றால் 1989இல் முதல் எஸ்கியூஎல் சர்வர் வந்தபோது அது மைக்ரோசாஃப்டும் சைபேஸும் ஆஷ்டன்-டேட்டும் சேர்ந்து வெளியிட்டது. டிபி2 பேசுவது டிஆர்டிஏ. அது ஓப்பன் குரூப் வெளியிடும் பொதுத் தரம். ஆரக்கிள் பேசுவது டிஎன்எஸ் (TNS, இணைய முகவரிகளுக்கான DNS அல்ல), போர்ட் 1521. டிடிஎஸ்ஸின் விவரணையை மைக்ரோசாஃப்டே பிற்பாடு எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டுவிட்டது. ஆரக்கிள் அப்படிச் செய்யவில்லை. உங்கள் லேப்டாப்பில் வந்த பிழையின் வேர் இங்கேதான்.

புரோட்டோகால் வெளியில் தெரியாதபோது, ஆரக்கிளோடு பேச வேண்டுமென்றால் ஆரக்கிளே எழுதிக் கொடுத்த சி லைப்ரரியைத்தான் நம்ப வேண்டும். அதன் பெயர் ஓசிஐ, ஆரக்கிள் கால் இன்டர்ஃபேஸ். பெர்லின் டிரைவர், பிஎச்பியின் ஓசிஐ8, ரூபியின் டிரைவர், உங்கள் பழைய ஸ்கிரிப்ட் பயன்படுத்துகிற சிஎக்ஸ்_ஆரக்கிள் எல்லாமே அந்த லைப்ரரியின் மேல் போர்த்திய மெல்லிய போர்வைகள். ஆகவே பைத்தான் பக்கத்தில் எல்லாம் சரியாக இன்ஸ்டால் ஆகியிருந்தாலும், அடியில் இன்ஸ்டன்ட் கிளையன்ட் என்ற தனி டவுன்லோடு இல்லாவிட்டால் போர்வைக்குள் ஆள் இல்லை. பைத்தான் 64 பிட் என்றால் அந்த லைப்ரரியும் 64 பிட்டாக இருக்க வேண்டும், விண்டோஸில் பாத் (PATH) என்ற தேடல் பட்டியலிலும் அதன் இடம் இருக்க வேண்டும், அதற்குத் தேவையான விஷுவல் சி ரன்டைமும் வேண்டும். இதில் எது குறைந்தாலும் வருவது நீங்கள் பார்த்த அதே ஒரே பிழைதான். ஜாவாவில் கதை வேறு. அந்த புரோட்டோகாலை முழுக்க முழுக்க ஜாவாவிலேயே ஆரக்கிள் எழுதிக் கொடுத்துவிட்டது, அதைத்தான் தின் டிரைவர் என்பார்கள். சி லைப்ரரியே தேவையில்லை, அதனால் ஒரு ஜார் போதும்.

நல்ல செய்தி என்னவென்றால் 2022இல் அதே தின் டிரைவர் பைத்தானுக்கும் வந்துவிட்டது. சிஎக்ஸ்_ஆரக்கிளைத்தான் பைத்தான்-ஆரக்கிள்டிபி என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள். அது சாதாரணமாகவே தின் முறையில் ஓடும், கிளையன்ட் லைப்ரரி எதுவும் வேண்டாம். ஸ்கிரிப்டின் மேலே இம்போர்ட் வரியில் ஆரக்கிள்டிபியை எடுத்து அதற்குப் பழைய பெயரையே மாற்றுப்பெயராகக் கொடுத்தால் பெரும்பாலான பழைய கோட் அப்படியே ஓடும். ஆனால் இரண்டு விஷயங்களை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் 12.1க்கு முந்தைய பதிப்பு என்றால் தின் முறை வேலை செய்யாது. ஆரக்கிளின் நேட்டிவ் நெட்வொர்க் என்கிரிப்ஷனைக் கட்டாயமாக்கி வைத்திருந்தாலும் ஆகாது. அந்த இரண்டு சந்தர்ப்பத்திலும் இன்ஸ்டன்ட் கிளையன்டைப் போட்டு, கனெக்‌ஷனுக்கு முன்னால் ஒரு வரியில் திக் முறைக்கு, அதாவது சி லைப்ரரி வழியாகப் போகும் முறைக்கு, மாறிக்கொள்ள வேண்டும்.

உங்கள் அவசரத்துக்கு இது போதும். ஆனால் மொழி எப்படிப் பேசுகிறது என்று கேட்டீர்களே, அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் ரிலேஷனல் மாதிரியை, அதாவது டேட்டாவை டேபிள்களாகப் பார்க்கிற முறையை, பற்றிய கட்டுரையை எழுதினார், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் அதை சிஸ்டம் ஆர் என்று கட்டிப் பார்த்தார்கள், 1979இல் ஆரக்கிள் கடைக்கு வந்தது, 1983இல் டிபி2. அப்போது அலுவலக வேலையெல்லாம் கோபால் (COBOL) என்ற மொழியில். டேட்டாபேஸிடம் கேட்பதற்கான எஸ்கியூஎல்லோ 'இது வேண்டும்' என்று மட்டும் சொல்கிற மொழி, 'இப்படி எடு' என்று சொல்லாது. கோபால் ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கிற மொழி. இரண்டையும் சேர்க்க அவர்கள் கண்ட வழி ரொம்ப நேரடியானது: கோபால் கோடின் நடுவிலேயே எக்ஸெக் எஸ்கியூஎல் என்று ஆரம்பித்து எண்டு-எக்ஸெக் என்று முடித்து, உள்ளே எஸ்கியூஎல்லை அப்படியே எழுதிவிடுவது. கோபால் வேரியபிளைக் குறிக்க அதன் முன்னால் ஒரு முக்காற்புள்ளி. கோபால் கம்பைலருக்கு இது புரியாது என்பதால் அதற்கு முன்பே ஒரு பிரிகம்பைலர் ஓடி, எஸ்கியூஎல் இருக்கிற இடங்களையெல்லாம் சாதாரண அழைப்பு (CALL) வரிகளாக மாற்றி வைத்துவிடும். ஆரக்கிளில் சி மொழிக்கு புரோ*சி, கோபாலுக்கு புரோ*கோபால்.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். வங்கி, காப்பீடு மெயின்ஃபிரேம்களில் இன்றைக்கும் இப்படித்தான் ஓடுகிறது, சென்னையிலும் அந்த வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதில் இன்னொரு அழகு இருக்கிறது. டிபி2வில் பிரிகம்பைலர் எஸ்கியூஎல்லைத் தனியே வெட்டி எடுத்து டிபிஆர்எம் என்ற கோப்பில் வைக்கும், பிறகு பைண்டு என்ற வேலை அதை வாங்கி, எந்த இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) வழியாகப் போவது என்பதுவரை அப்போதே முடிவு செய்து பேக்கேஜாக வைத்துவிடும். நடு இரவில் மொத்தமாக ஓட்டுகிற பேட்ச் (batch) வேலை ஓடும்போது டேட்டாபேஸ் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. அனுமதியும் பேக்கேஜின் பேரிலேயே கொடுக்கலாம். ஆபரேட்டருக்கு அந்த டேபிளைத் தொடுகிற உரிமையே தேவையில்லை. கோடைத் திரும்ப கம்பைல் செய்துவிட்டுப் பைண்டு செய்ய மறந்தால் -818 வரும், கோடும் பேக்கேஜும் வெவ்வேறு நேரத்து முத்திரை கொண்டவை என்று அர்த்தம். பேக்கேஜே கிடைக்காவிட்டால் -805. டிபி2 தெரிந்த யாரிடம் கேட்டாலும் இந்த இரண்டு எண்ணையும் தூக்கத்தில் சொல்வார்கள்.

அங்கேதான் கர்சரும் வந்தது. ஒரு செலக்ட் (டேட்டாவை எடுக்கும் எஸ்கியூஎல் வாசகம்) ஆயிரம் ரெக்கார்டுகளைத் தரலாம், கோபாலில் ஒரு வேரியபிளில் ஒன்றைத்தான் வைக்க முடியும். ஆகவே விடையின் மேல் ஒரு விரலை வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்திப் படிப்பது. டிக்ளேர், ஓப்பன், ஃபெட்ச், குளோஸ். தீர்ந்துபோனால் எஸ்கியூஎல்கோடு +100. இன்றைக்கு நீங்கள் பைத்தானில் ஒரு ஃபார் லூப்பில் கர்சரைப் போட்டுச் சுற்றும்போது அடியில் நடப்பது அதே விரல் நகர்வுதான்.

இப்படிக் கோடுக்குள் பதித்து எழுதுவதைத்தான் எம்பெட்டட் எஸ்கியூஎல் என்பார்கள். அதன் குறை, ஒரு நிறுவனத்தின் பிரிகம்பைலருக்கு எழுதியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது கஷ்டம். எக்ஸெல் மாதிரி ஒரு மென்பொருள், எந்த டேட்டாபேஸ் என்றே தெரியாமல் கம்பைல் ஆகி விற்பனைக்கு வருகிற ஒன்று, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக வந்ததுதான் 1992இல் மைக்ரோசாஃப்டின் ஓடிபிசி. எஸ்கியூஎல்லை வெறும் சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுப்பது, அந்த ஃபங்ஷன்களின் பெயரும் வடிவமும் எல்லா டேட்டாபேஸுக்கும் ஒன்றே, நடுவில் டிரைவர் மேனேஜர் என்று ஒருவர் நின்று எந்த டிரைவரை எழுப்புவது என்று பார்த்துக்கொள்வார். பத்து மொழி, பத்து டேட்டாபேஸ் என்றால் நூறு இணைப்புகள் எழுத வேண்டியிருந்த இடத்தில் இருபது போதும். முப்பது ஆண்டுக்கு மேலாகியும் எக்ஸெல்லும் ரிப்போர்ட் கருவிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. இங்கேயும் பிட் பிரச்சினை உண்டு: 32 பிட் ஆஃபீஸுக்கு 64 பிட் டிரைவர் கண்ணில் படாது. விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கிற ஓடிபிசி நிர்வாகிதான் 64 பிட், சிஸ்வாவ்64இல் இருப்பது 32 பிட், பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

ஜாவா 1997இல் ஜேடிகே 1.1உடன் ஜேடிபிசி என்று தனக்கென ஒன்றைக் கொண்டுவந்தது, யோசனை ஓடிபிசியுடையதே. முதலில் ஓடிபிசி மேலேயே ஒரு பாலம் போட்டு ஓட்டினார்கள், அந்தப் பாலத்தை ஜாவா 8இல் எடுத்தே விட்டார்கள். பெர்லுக்கு டிபிஐ, டாட்நெட்டுக்கு ஏடிஓ.நெட், கோ மொழிக்கு டேட்டாபேஸ்/எஸ்கியூஎல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பைத்தானில் மட்டும் ஒரு விசேஷம்: பைத்தானின் டிபி-ஏபிஐ என்பது கோடே கிடையாது, பெப் 249 என்கிற ஓர் ஆவணம். கனெக்ட், கர்சர், எக்ஸிகியூட், ஃபெட்ச் என்று ஃபங்ஷன்கள் இப்படி இருக்கட்டும் என்று அது சொல்கிறது, எழுதுவது ஒவ்வொரு டிரைவர்காரர் பாடு. அதனால் சின்னச் சின்ன விலகல்கள் உண்டு. முக்கியமானது, மதிப்பு வரும் இடத்தைக் குறிக்கும் முறை. எஸ்கியூலைட்டில் நீங்கள் கேள்விக்குறி போட்டிருப்பீர்கள், மைஎஸ்கியூஎல்லில் சதவீதக் குறியும் எஸ்ஸும், ஆரக்கிளில் முக்காற்புள்ளியும் பெயரும். கோபாலில் பார்த்த அதே முக்காற்புள்ளிதான்.

இந்தக் குறியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆரக்கிளில் வேலை செய்கிற ஒருவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கற்றுக்கொள்வார் என்றால் அது இதுவாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பும் எஸ்கியூஎல் முதலில் பார்ஸ் ஆக வேண்டும்: இலக்கணம் சரியா, அந்த டேபிள் இருக்கிறதா, உங்களுக்கு உரிமை இருக்கிறதா, எந்த வழியில் எடுத்தால் செலவு குறைவு என்று ஆராய்ந்து ஒரு திட்டம் போட வேண்டும். இது கனமான வேலை. ஒருமுறை போட்ட திட்டத்தை ஆரக்கிள் ஷேர்டு பூல் என்ற பொது நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை அதே எஸ்கியூஎல், எழுத்துக்கு எழுத்து அதே, வந்தால் அதை எடுத்து ஓட்டிவிடும். இப்போது நீங்கள் வாடிக்கையாளர் எண்ணைச் சரத்துக்குள்ளேயே ஒட்டி அனுப்பினால் 1001க்கு ஓர் எஸ்கியூஎல், 1002க்கு வேறோர் எஸ்கியூஎல், லட்சம் பேருக்கு லட்சம் எஸ்கியூஎல். ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து பார்ஸ். ஷேர்டு பூல் நிரம்பி வழியும், மற்றவர்களின் திட்டங்களும் வெளியே தள்ளப்படும், உங்கள் ஒரு ஸ்கிரிப்டால் மொத்த சர்வரும் திணறும்.

அதற்குப் பதில் வங்கிச் சலான் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சலான் ஒருமுறை அச்சாகிறது, கட்டங்கள் காலியாக இருக்கின்றன, வருகிறவர்கள் தங்கள் கணக்கு எண்ணையும் தொகையையும் நிரப்பிக் கொடுக்கிறார்கள். எஸ்கியூஎல் சலான், அந்தக் குறியால் காட்டுகிற பைண்டு வேரியபிள் காலிக் கட்டம் (டிபி2வில் பார்த்த பைண்டு வேலை வேறு). சலான் ஒன்றே என்பதால் பார்ஸும் ஒருமுறைதான். பாதுகாப்பும் இதிலேயே வந்துவிடுகிறது: கட்டத்தில் ஒருவர் என்னதான் எழுதினாலும் அது தொகையாகவோ பெயராகவோதான் படிக்கப்படும், சலானின் அச்சு வாசகத்தை அது மாற்ற முடியாது. எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்கிற தாக்குதல் முழுக்கவும் சரத்தை ஒட்டுவதால் வருவது. மதிப்பை பைண்டாகக் கொடுத்தால் அது பார்ஸர் பக்கமே போவதில்லை. மேற்கோள் குறிகளை நாமே சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். டேபிள் பெயரையும் ஃபீல்டு பெயரையும் மட்டும் பைண்டு செய்ய முடியாது, அவை அச்சு வாசகத்தின் பகுதி. அவை வெளியிலிருந்து வருமானால் அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்தது பயணங்களின் எண்ணிக்கை. குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்வி) வேகமாக இருக்கிறது, ஆனாலும் புரோகிராம் மெதுவாக இருக்கிறது என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டிரைவர் ஒவ்வொரு ஃபெட்ச்சுக்கும் எத்தனை ரெக்கார்டுகளை ஒரே மூட்டையில் கேட்கிறது? ஆரக்கிள் ஜேடிபிசியில் சாதாரணமாக 10. ஒரு லட்சம் ரெக்கார்டு என்றால் 10,000 முறை போய் வர வேண்டும். ஒருமுறை போய் வர 1 மில்லிசெகண்ட் என்றால் காத்திருப்பு மட்டுமே 10 விநாடி. டேட்டாபேஸ் வேறு ஊரில் இருந்து 20 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால் 200 விநாடி. மூட்டையை 1000 ஆக்கினால் அதே வேலை 100 பயணம், 2 விநாடி. ஒரு வரி மாற்றம்தான். பைத்தான் டிரைவரில் அர்ரேசைஸ் என்று ஒன்று இருக்கிறது, சாதாரணமாக 100, பெரிய ரிப்போர்ட்டுகளுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், மெமரியைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு.

எழுதும்போதும் இதே கணக்கு. லட்சம் இன்சர்ட்டை லூப்பில் ஒவ்வொன்றாக எக்ஸிகியூட் செய்யாமல் எக்ஸிகியூட்மெனியில் மொத்தமாகக் கொடுங்கள், ஆரக்கிள் டிரைவர் அதை உண்மையிலேயே மூட்டையாக அனுப்பும். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லா டிரைவரும் அப்படித்தான் என்று நம்பக் கூடாது. எஸ்கியூஎல் சர்வருக்குப் பைஓடிபிசி (பைத்தானிலிருந்து ஓடிபிசியைத் தொடும் டிரைவர்) வழியாகப் போனால் எக்ஸிகியூட்மெனி சாதாரணமாக ஒவ்வொன்றாகவே அனுப்புகிறது, ஃபாஸ்ட்_எக்ஸிகியூட்மெனி என்பதை ஆன் செய்தால்தான் மூட்டை கட்டும்.

இனி வகைகள். எண், தேதி, எழுத்து என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயர் இருக்கும், பொருள் ஒன்றாக இருக்காது. ஆரக்கிளின் நம்பர் 38 இலக்கம் வரை துல்லியமாகப் பிடிக்கும். பைத்தானில் பின்னம் உள்ள எண் சாதாரணமாக ஃபுளோட்டாக வந்து இறங்கும், அதில் நம்பிக்கையாக 15 இலக்கம்தான். பணத்தைத் தொடுகிற ஸ்கிரிப்ட் என்றால் ஃபெட்ச்_டெசிமல்ஸ் என்ற அமைப்பை முதல் வரியிலேயே ஆன் செய்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் இன்னும் மோசம், முழு எண்ணே 9007199254740991க்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் மாறிவிடும், பிழை எதுவும் வராது, நீளமான கணக்கு எண்களைச் சரமாக எடுப்பதே வழி. ஆரக்கிளின் டேட் வகையில் மணி, நிமிடம், விநாடியும் உண்டு, 'இன்றைய தேதிக்குச் சமம்' என்று கேட்டால் நள்ளிரவில் பதிவானவை மட்டுமே கிடைக்கும். அப்புறம், ஆரக்கிளுக்குக் காலிச் சரமும், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் (NULL) என்பதும் ஒன்று. பைத்தானில் காலிச் சரத்தை அனுப்பிச் சேமித்துவிட்டு, காலிச் சரத்துக்குச் சமமானது எது என்று தேடினால் எதுவுமே வராது. மைஎஸ்கியூஎல்லிலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் ஒருமுறை மாட்டிக்கொள்வார்கள்.

எஸ்கியூஎல் சர்வரில் ஒரு பொல்லாத விஷயம் இருக்கிறது, இடையில் சொல்லிவிடுகிறேன். ஜாவாவின் சரம் யூனிகோடு, ஆகவே மைக்ரோசாஃப்டின் ஜேடிபிசி டிரைவர் சரங்களையெல்லாம் யூனிகோடு எழுத்துக்கான என்வார்கேர் வகையாக அனுப்பும். டேபிளில் அந்த ஃபீல்டு யூனிகோடு அல்லாத வெறும் வார்கேர் வகை என்றால், ஒப்பிடுவதற்காக சர்வர் ஃபீல்டின் பக்கத்தை மாற்றத் தொடங்கும், இண்டெக்ஸ் இருந்தும் முழு இண்டெக்ஸையும் துழாவ நேரிடும். கையால் ஓட்டினால் கண் சிமிட்டும் நேரத்தில் வருகிற குவெரி புரோகிராமிலிருந்து போனால் மட்டும் இழுத்தடிக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தமிழ்ப் பெயர்களும் முகவரிகளும் சேமிக்கிற இடங்களில் எழுத்துக் குறியேற்றம் தனி அத்தியாயம். 'தமிழ்' என்பதில் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியெண்கள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். ஆரக்கிளில் வார்கேர்2(30) என்று சொன்னால் சாதாரணமாக அது 30 பைட். 'கோபாலகிருஷ்ணன்' என்ற பெயருக்கு 42 பைட் வேண்டும், ஓஆர்ஏ-12899 என்று கதவைச் சாத்திவிடும். டேபிள் போடும்போதே 30 கேர் என்று எழுத வேண்டும், அப்படி எழுதினாலும் எண்ணுவது குறியெண்களைத்தான், நம் எழுத்துகளை இல்லை, ஆகவே தாராளமாகவே இடம் விடுங்கள்.

இதைவிடச் சிக்கலானது என்எல்எஸ்_லேங். சி லைப்ரரி வழியாகப் போகும் கிளையன்ட், தான் எந்தக் குறியேற்றத்தில் பேசுகிறது என்று இந்த என்விரான்மென்ட் வேரியபிளில் அறிவிக்க வேண்டும். அறிவித்ததும் டேட்டாபேஸுடையதும் ஒன்றாக இருந்தால், எதையும் மாற்றாமல், சோதிக்காமல், பைட்டுகளை அப்படியே உள்ளே விட்டுவிடுவார்கள். நான் பார்த்த ஓர் இடத்தில் தமிழ் ஃபான்ட் குறியேற்றத்தில் தட்டிய பெயர்கள், மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று பெயர் போட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உள்ளே போயிருந்தன. அதே ஃபான்ட், அதே அமைப்பு உள்ள பழைய கணினிகளில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். புதிதாக ஜாவாவில் ஒரு திரை போட்ட அன்றைக்குத்தான், பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் உச்சரிக்க முடியாத லத்தீன் எழுத்துகள் வந்தன. டிரைவரில் எந்தத் தவறும் இல்லை, உள்ளே இருப்பதை அது நேர்மையாக எடுத்துக் காட்டியது. மாதக்கணக்கில் உட்கார்ந்து மாற்ற வேண்டியதாயிற்று. தின் முறையில் என்எல்எஸ்_லேங்கின் குறியேற்றப் பகுதிக்கு வேலையே இல்லை, எப்போதும் யூனிகோடுதான், தமிழ் டேட்டா வைத்திருக்கிறவர்கள் அதற்காகவே அந்தப் பக்கம் போகலாம். போவதற்கு முன் பழைய டேட்டா உள்ளே எந்தக் கோலத்தில் இருக்கிறது என்று டம்ப் ஃபங்ஷனால் பைட்டுகளைப் பார்த்துவிடுங்கள்.

கமிட் விஷயத்துக்கு வருகிறேன். கமிட் என்றால் செய்த மாற்றத்தை நிரந்தரமாக்குவது, ரோல்பேக் என்றால் அதைத் திரும்ப எடுத்துவிடுவது. ஜேடிபிசி, ஓடிபிசி, பெர்ல் டிபிஐ மூன்றிலும் ஆட்டோகமிட் சாதாரணமாக ஆன். ஒவ்வொரு அப்டேட்டும் அந்தக் கணமே நிரந்தரம். பைத்தான் டிபி-ஏபிஐயில் ஆஃப். நீங்கள் கமிட் சொல்லாமல் வெளியேறினால் எல்லாம் ரோல்பேக். ஆனால் ஆரக்கிளின் ஜேடிபிசியில் ஆட்டோகமிட்டை ஆஃப் செய்துவிட்டு, கமிட்டும் சொல்லாமல் ரோல்பேக்கும் சொல்லாமல் கனெக்‌ஷனை மூடினால் அது கமிட் ஆகிறது. ஆரக்கிளின் கட்டளைக் கருவியான எஸ்கியூஎல்*பிளஸ்ஸும் வெளியேறும்போது கமிட்தான். ஒரே டேட்டாபேஸ், வாசல் மாறினால் பழக்கம் மாறுகிறது. இதற்குமேல், ஆரக்கிளில் கிரியேட் டேபிள் மாதிரியான வாசகம் நடுவில் வந்தால் அதற்கு முன்னால் செய்த எல்லாம் தானாகவே கமிட் ஆகிவிடும். ஒரு கணக்கிலிருந்து எடுத்து இன்னொரு கணக்கில் போடுகிற வேலையில் முதல் பாதி மட்டும் நிரந்தரமானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த மொழியாக இருந்தாலும் கமிட்டையும், பிழை வந்தால் ரோல்பேக்கையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

கனெக்‌ஷன் திறப்பது ஆரக்கிளில் செலவு பிடிக்கிற காரியம். சர்வரின் வாசலில் நிற்கிற லிசனர் என்ற புராசஸ் உங்களை வரவேற்று, யூனிக்ஸ் சர்வரில் சாதாரணமாக உங்களுக்கென்றே ஒரு தனி புராசஸை எழுப்பி, பாஸ்வேர்டு சரிபார்த்து, அதற்கப்புறம்தான் முதல் குவெரி. ஒவ்வொரு வெப் கோரிக்கைக்கும் இதைச் செய்தால் சர்வர் தாங்காது. அதனால்தான் பூல்: கொஞ்சம் கனெக்‌ஷன்களைத் திறந்தே வைத்து மாற்றி மாற்றிக் கொடுப்பது. இரவில் ஒருமுறை ஓடுகிற ஸ்கிரிப்டுக்குப் பூல் வேண்டாம், வெப் சேவைக்குக் கட்டாயம் வேண்டும். பூலின் அளவை நூற்றுக்கணக்கில் வைப்பது உதவாது, சர்வரில் இருக்கிற சிபியு கோர்களைப் பார்த்துச் சிறியதாகவே தொடங்குங்கள்.

ஹைபர்நேட், எஸ்கியூஎல்ஆல்கெமி மாதிரி, எஸ்கியூஎல்லை உங்களுக்காகத் தானே எழுதித் தரும் ஓஆர்எம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது இதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அதுவும் இதே டிரைவரின் தோளில்தான் ஏறி நிற்கிறது. நூறு ஆர்டர்களை எடுத்துவிட்டு ஒவ்வோர் ஆர்டரின் வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக ஒரு குவெரி, மொத்தம் 101, அமைதியாக அனுப்பிக்கொண்டிருக்கும். அது அனுப்பும் எஸ்கியூஎல்லை லாகில் வரவைத்துப் படிக்கிற பழக்கம் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். லட்சக்கணக்கான ரெக்கார்டை இழுத்து வந்து லூப்பில் மாற்றித் திரும்ப எழுதுகிற வேலையா? மொழிப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம், ஓர் அப்டேட் வாசகத்தில் முடியும். முடியாவிட்டால் ஆரக்கிளின் சொந்த மொழியான பிஎல்/எஸ்கியூஎல்லில் ஒரு புரொசீஜராக டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி, பைத்தானிலிருந்து அதை அழைத்தால் போதும்.

சரி, உங்கள் ஸ்கிரிப்ட். முதலில் டேட்டாபேஸை நிர்வகிக்கும் டிபிஏவிடம் டேட்டாபேஸின் பதிப்பையும் சர்வீஸ் பெயரையும் கேட்டு வாங்குங்கள். ஆரக்கிள்டிபியைப் போட்டு, ஹோஸ்ட், போர்ட், சர்வீஸ் பெயர் மூன்றையும் நேராகவே கொடுத்து டெஸ்ட் டேட்டாபேஸில் கனெக்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஓஆர்ஏ-12154 வந்தால் நீங்கள் கொடுத்த பெயர் டேட்டாபேஸ் பெயர்களையும் முகவரிகளையும் வைத்திருக்கும் டிஎன்எஸ்நேம்ஸ் கோப்பில் கிடைக்கவில்லை, இன்னும் சர்வர் வரைக்கும் போகவே இல்லை என்று பொருள். 12514 வந்தால் லிசனர் வரை போய்விட்டீர்கள், அவருக்கு அந்த சர்வீஸைத் தெரியவில்லை. தின் முறையில் பிழை எண் டிபிஒய் என்று ஆரம்பிக்கும், ஆனால் விஷயம் இதேதான். கனெக்ட் ஆன பிறகு, பழைய கோடில் எஸ்கியூஎல் சரத்தைக் கூட்டல் குறியால் ஒட்டியிருக்கிற இடங்களையும் கமிட் இருக்கிற இடங்களையும் தேடிக் குறித்துக்கொண்டு, ஒட்டியதையெல்லாம் பைண்டாக மாற்றிவிட்டு, அதற்கப்புறம் லைவில் ஓட்டுங்கள்.